தொட்டில் தெரு

நம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் நேற்று நடந்த சண்டையைப் பார்த்தேன். பேரப்பிள்ளைகள் எந்நேரமும் டிராகன், மந்திரக்கோல், பறக்கும் கோட்டை என்றே கிடக்கிறார்களாம். கூப்பிட்டால் காதில் விழுவதில்லையாம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், அந்தக் காலத்தில் நம்மோடு கடைசி பெஞ்சில் தூங்கியவர்தான், "இல்லாத ஊருக்கு ஓடிப்போவது கோழைத்தனம்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். நீங்கள் எல்லாரும் வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். நானும் காட்டப் போனேன். விரல் போகவில்லை.

பத்து வயசில் அப்படி ஓர் இல்லாத ஊரை நான் இடித்துத் தள்ளியிருக்கிறேன். அது பொய், பொய்யை விடக்கூடாது, அதனால் இடித்தேன் என்று நாற்பது ஐம்பது வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரணம் அதுவல்ல. பொறாமை. பச்சைப் பொறாமை. நம் வயசுக்கு இனி எதை மூடி மறைத்து என்ன ஆகப் போகிறது? கேளுங்கள்.

போர்ட் கிள்ளானில் துறைமுகத் தொழிலாளர் குவார்ட்டர்ஸில் அப்போது இருந்தோம். அப்பா துறைமுகத்தில் கிராணி. கப்பலில் இருந்து இறங்குகிற மூட்டைகளைக் கணக்கெடுத்து எழுதுகிற வேலை. வீடு பலகை வீடு. கூடத்துக்கும் அறைக்கும் நடுவில் இருந்த பலகைத் தடுப்பு கூரை வரை போகாது. அறையில் யார் பெருமூச்சு விட்டாலும் அடுப்படியில் கேட்கும். காற்று கடல் பக்கமிருந்து வந்தால் கருவாட்டு வாடை. ரோட்டுப் பக்கமிருந்து வந்தால் லோரிப் புகை. இரண்டும் இல்லாத நாளில் ரப்பர் கிடங்கின் புளிச்ச நாற்றம்.

அந்த வருஷம் அம்மாவுக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டான். நான் அவனைப் பார்க்கவே இல்லை. பேரும் வைக்கவில்லை. அம்மா வெறுங்கையோடு டாக்சியில் வந்து இறங்கினாள். அப்பா பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடத்து உத்திரத்தில் ஒரு ஸ்பிரிங் தொங்கிக்கொண்டிருந்தது. சாரோங் துணியைக் கட்டிப் பிள்ளையைப் போட்டு ஆட்டுவோமே, அந்த ஸ்பிரிங். பிள்ளை வருமுன்னே அப்பா ஆசையாக மாட்டி வைத்திருந்தார்.

"புள்ள வர்றதுக்கு முன்னுக்கே தொட்டில் கட்டுவாங்களா? அதான் தங்கல" என்றாள் அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அம்மாவைப் பார்த்துக்கொள்ள நாற்பது நாளைக்கு என்று வந்தவள். நல்லவள்தான். விடியற்காலையில் எழுந்து பூண்டும் மிளகும் தட்டிக் குழம்பு வைப்பாள், பிரசவ மருந்து உருட்டிக் கொடுப்பாள். ஆனால் அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அப்பா கூடத்தில் நிமிர்ந்து நடந்ததே இல்லை. சாரோங் துணியை அத்தை மடித்து எங்கேயோ வைத்துவிட்டாள். ஸ்பிரிங்கைக் கழற்ற ஏணி வேண்டும். யாரும் போய் ஏணி கேட்கவில்லை. அது அப்படியே தொங்கியது.

பிள்ளையைப் பற்றி வீட்டில் யாரும் பேசக்கூடாது என்பது அத்தையின் சட்டம். பேசினால் அம்மாவுக்கு ஜன்னி வந்துவிடுமாம். பிள்ளை தங்காவிட்டாலும் பச்சை உடம்பு பச்சை உடம்புதானே. அதனால் பத்தியமும் உண்டு, கட்டுப்பாடும் உண்டு. காற்றுப் படக்கூடாது, தலைக்கு ஊற்றக்கூடாது, அழக்கூடாது, எழுத்தைப் பார்க்கக்கூடாது.

"பச்ச ஒடம்புக்காரி எழுத்த பாத்தா கண்ணு நரம்பு செத்துரும். அப்புறம் நாப்பது வயசுல குருடுதான்" என்பாள்.

இன்னொரு காரியமும் செய்தாள். எனக்கு இடுப்பு வரைக்கும் முடி இருந்தது. தினம் காலையில் அம்மாதான் இரட்டைப் பின்னல் போட்டு விடுவாள். "இத பின்னிக்கிட்டு உக்காந்தா யாரு சோறாக்கறது?" என்று அத்தை ஒரு சனிக்கிழமை அடுப்படிக் கத்தரிக்கோலை எடுத்துக் கழுத்தோடு வெட்டிவிட்டாள். ஐந்து நிமிஷ வேலை. முடியைச் சுருட்டிப் பழைய பேப்பரில் கட்டிக் குப்பையில் போட்டாள். நான் அம்மாவிடம் போய்த் தலையைக் காட்டினேன். அம்மா பார்த்தாள். "சரி, காத்தோட்டமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு பதவி. அம்மாவுக்குத் தொடர்கதை படித்துக் காட்டுகிற பதவி.

மெட்ராஸிலிருந்து வார இதழ்கள் கப்பலில் வந்த காலம் அது. உங்களுக்கு நினைவிருக்கும். அங்கே தீபாவளி மலர் போட்டால் இங்கே நமக்குக் கிறிஸ்துமஸுக்குக் கிடைக்கும். கிள்ளான் டவுனில் ஒரு புத்தகக் கடையில் அப்பா சனிக்கிழமைதோறும் போய் வாங்கி வருவார். அதில் ஒரு மாயாஜாலத் தொடர் வந்தது. மந்திரவாதி ஓர் இளவரசியை எறும்பளவு சிறுக்க வைத்து, ஒரு முத்துக்குள் போட்டு அடைத்துவிடுகிறான். முத்து கடலில் விழுகிறது. அதை ஒரு மீன் விழுங்கிவிடுகிறது. தொடரும்.

அம்மா அந்தக் கதைக்கு அடிமை. எழுத்தைப் பார்க்கக்கூடாது என்பதால் நான் கட்டிலருகே நின்று வாசிப்பேன். ஒப்புவித்தல் போட்டியில் பரிசு வாங்கியவள் ஆயிற்றே. காற்புள்ளி வந்தால் ஒரு மாத்திரை, முற்றுப்புள்ளி வந்தால் இரண்டு மாத்திரை, கேள்விக்குறி வந்தால் குரலைத் தூக்க வேண்டும். வாத்தியார் சொல்லிக் கொடுத்தபடி ஓர் எழுத்து பிசகாமல் படிப்பேன். அம்மா பாதியில் தூங்கிவிடுவாள். நன்றாகப் படித்ததால்தான் தூக்கம் வந்தது என்று நினைத்தேன்.

மீன் முத்தை விழுங்கியதோடு கப்பல் நின்றுவிட்டது. ஒரு சனிக்கிழமை அப்பா வெறுங்கையோடு வந்தார். அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். "கப்பல் இன்னும் வரல லா, நா என்ன செய்ய" என்று கடைக்காரர் கையை விரித்தாராம். அம்மாவின் சாப்பாட்டுத் தட்டு வைத்தது வைத்தபடி திரும்பி வர ஆரம்பித்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரி உள்ளே நுழைந்தாள்.

லோரி ஓட்டுகிறவரின் மகள். என்னைவிட இரண்டு வயசு பெரியவள். அம்மா இல்லாத பெண். இரண்டு தம்பிகளைக் குளிப்பாட்டிச் சோறு போட்டுவிட்டு, மத்தியானம் ஓய்ந்த நேரத்தில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நிற்பாள். முடி மட்டும் ஏராளம். எண்ணெய் காணாத முடி. பேனும் ஏராளம். படிப்பில் சுமார். ஒப்புவித்தல் போட்டியில் மூன்றாவது வரியில் மறந்துபோய் மேடையிலேயே சிரித்தவள். இவளிடம் நான் தோற்பேன் என்று யார் நினைப்பார்கள்?

"ஆன்டி, அந்த மீன் கதை அடுத்த வாரத்துது நா படிச்சிட்டேன்" என்றாள் வாசலில் நின்றபடி. "செந்தூல்ல எங்க சித்தி வீட்டுக்கு முன்னுக்கே வந்துருச்சி. ஞாயித்துக்கெழம போனேன்ல, அப்ப படிச்சேன்."

அம்மா சுவரிலிருந்து இந்தப் பக்கம் திரும்பினாள். "அப்படியா? சொல்லு, என்ன ஆச்சி?"

நான் அடுப்படித் தடுப்புக்குப் பின்னால் நின்றேன். கேட்கக்கூடாது என்றுதான் நின்றேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

மீனுக்கு முத்து ஒத்துக்கொள்ளாமல் விக்கல் எடுத்ததாம். ஒவ்வொரு விக்கலுக்கும் முத்து ஒரு சுற்றுச் சுற்றுமாம். அப்படிச் சுற்றியதில் இளவரசி முத்தின் உள்சுவரில் ஒரு கதவைக் கண்டுபிடித்தாளாம். கதவைத் திறந்தால் ஓர் ஊர். சூரியன் இல்லை, விளக்கு இல்லை. முத்தின் வெளிச்சமே போதும். தொலைந்து போனதெல்லாம் அந்த ஊரில்தான் இருக்குமாம். ஒற்றைச் செருப்பு, அழிரப்பர், பல், பாதியில் மறந்துபோன பாட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தெரு.

மறுநாளும் வந்தாள். "நேத்து சொன்னது பாதிதான் ஆன்டி, மீதி இருக்கு" என்றாள். ஓர் இதழில் வருகிற ஒரு வாரக் கதை இத்தனை நாளைக்கு எப்படி நீளும்? அம்மா அதைக் கேட்கவில்லை. எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். "கீழ உக்காரு, தலைய காட்டு" என்று பேன் சீப்பை எடுத்தாள். கொம்புச் சீப்பு. ஓரத்தில் இரண்டு பல் உடைந்தது. என் தலையில் போன மாதம் வரை ஓடிய சீப்பு.

அன்றைக்கு வந்தது தொட்டில் தெரு. இளவரசி நடந்து போகிறாள், போகிறாள், வரிசையாகத் தொட்டில்கள். வானத்திலிருந்து ஸ்பிரிங் தொங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரி எங்கள் கூடத்தில் தொங்கியதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பாள். வந்து கொஞ்ச நாளில் போய்விடுகிற பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் வளருமாம்.

சீப்பு நின்றது. அத்தை மட்டும் அன்று பாசாருக்கு மீன் வாங்கப் போகாமல் வீட்டில் இருந்திருந்தால் அப்போதே முடிந்திருக்கும்.

"அங்க பால் யாரு குடுப்பா?" என்றாள் அம்மா.

"பால் வேணாம் ஆன்டி. தொட்டில ஆட்டுனாலே வயிறு ரொம்பிரும்."

"குளுருமா?"

"முத்து எப்பவும் கதகதன்னு இருக்கும். தொட்டுப் பாருங்களேன்."

"பேரு வைக்காத புள்ளைங்க?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். எனக்குத் தெரியும், யோசித்தாள். படித்ததைச் சொல்கிறவள் யோசிப்பாளா? "பேரு வைக்காத புள்ளைக்கு தெனம் ஒரு பேரு. காலைல எழுந்ததும் அதுவே சொல்லும். அந்த மொத தொட்டில்ல ஒரு பையன் இருக்கான். நேத்து அவன் பேரு மழை. இன்னிக்கு ரோட்டி."

அம்மா சிரித்தாள். வாய்விட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. நான் ஒப்புவித்தலில் முதல் பரிசு வாங்கி வந்த அன்றும் கேட்காத சிரிப்பு. ரோட்டி என்று ஒரு பிள்ளைக்குப் பேரா? எனக்கு வயிறு எரிந்தது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, இங்கே, நெஞ்சுக்குழிக்குக் கீழே, நிஜமாகவே எரிந்தது. வெட்டிய கழுத்து முடியைப் பிடித்து இழுத்தபடி நின்றேன். இழுக்கக்கூட நீளம் இல்லை.

பிறகு தினம் மத்தியானம் அதேதான். அவள் நுழையும்போதே அம்மா கேட்பாள்: "இன்னிக்கு என்ன பேரு?" ஒரு நாள் சங்கு, ஒரு நாள் பக்கெட், ஒரு நாள் புதன்கிழமை. தொட்டிலை ஆட்டுகிற வேலை இளவரசிக்குக் கிடைத்துவிட்டது. அவளுக்கு வெளியே வர ஆசையே இல்லை. அம்மா சாப்பிட்டாள். அவளாக எழுந்து ஜன்னல் வரை நடந்தாள். அத்தை எல்லாப் பெருமையும் பூண்டுக் குழம்புக்குத்தான் என்று நம்பினாள்.

நான் அப்பாவிடம் போனேன். கோலாலம்பூரில் இருக்கும் செந்தூல் சித்தி விஷயத்தைச் சொன்னேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "கப்பலே நம்ம வீட்டுக்குப் பின்னாலதான் வந்து நிக்கிது. இங்க எறங்காத புத்தகம் செந்தூலுக்கு மட்டும் பறந்தா போவும்?"

"அப்ப அவ பொய் சொல்றாதானே? அம்மாகிட்ட சொல்லுங்க."

அப்பா சிரிப்பை நிறுத்தினார். "உங்கம்மாவுக்குத் தெரியாதா கப்பல் எங்க வரும்னு? விடு. சாப்புடறா இல்ல" என்றார்.

இந்த ஒரு வார்த்தையை நான் அன்றே புரிந்துகொண்டிருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. எனக்குக் கேட்டது வேறு. அப்பாவும் அவள் கட்சி. அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை கப்பல் வந்துவிட்டது. மூன்று வார இதழ்களையும் சணலால் கட்டி அப்பா கொண்டுவந்தார். அம்மாவிடம் கொடுக்கவில்லை. என் கையில் கொடுத்து, "நீ படிச்சுக்க. அம்மா கேட்டா மட்டும் குடு" என்றார். அவர் அழுத்திச் சொன்ன 'கேட்டா மட்டும்' எனக்குப் பிடிக்கவில்லை. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூன்றையும் ஒரே மூச்சில் படித்தேன். உப்புக்காற்றில் ஊறித் தாள் நமத்துப் போயிருந்தது.

கதவு இல்லை. ஊர் இல்லை. ஒரு செம்படவன் மீனைப் பிடிக்கிறான், அரண்மனைக்கு விற்கிறான், சமையல்காரன் அறுக்கிறான், இளவரசன் முத்தை எடுக்கிறான். பிறகு சண்டை, பிறகு கல்யாணப் பேச்சு. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றமாக இருந்தது. தடுப்புக்குப் பின்னால் நின்று நானும் அந்த ஊரில்தானே குடியிருந்தேன்? அந்தப் பையனுக்கு நாளைக்கு என்ன பேர் என்று படுக்கையில் நானும்தானே யோசித்தேன்? நான் யோசித்த பேர் ஒன்றும் நன்றாக இல்லை. எல்லாம் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் இருக்கிற பேர்கள். அதனால்தான் இன்னும் எரிந்தது.

மத்தியானம் அவள் வந்தாள். நான் காத்திருந்தேன். கீழே உட்கார்ந்து தலையைக் கொடுத்தாள். அம்மா அன்று பேன் பார்த்து முடித்து, எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் போட ஆரம்பித்தாள். என் இரட்டைப் பின்னல். வலப் பக்கம் பின்னி ரிப்பன் கட்டியாயிற்று. ரிப்பனும் என்னுடையதுதான். இனி எனக்கு எதற்கு என்று நினைத்திருப்பாள். இடப் பக்கத்தை மூன்றாகப் பிரித்தபோது நான் இதழை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"கப்பல் வந்துருச்சிம்மா" என்றேன். கட்டிலருகே நிமிர்ந்து நின்றேன். காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, முற்றுப்புள்ளிக்கு இரண்டு மாத்திரை விட்டு, வாத்தியார் சொல்லிக் கொடுத்தபடி படித்தேன்.

அம்மா தடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செம்படவன் வந்தான், சமையல்காரன் வந்தான். எனக்குக் குரல் ஏறிக்கொண்டே போனது. "இளவரசன் உடைவாளை உருவினான். ஓங்கி ஒரே வீச்சு. முத்து இரண்டாகப் பிளந்தது."

"ஒடச்சிட்டானா?" என்றாள் அம்மா.

அந்தக் குரலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கதை கேட்கிறவர் கேட்கிற கேள்வியாக அது இல்லை. ஆஸ்பத்திரியில் அந்த மூன்றாம் நாள் நர்ஸ் மிஸ்ஸி வந்து சொன்னபோது இப்படித்தான் கேட்டிருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எனக்குத் தோன்றியது வேறு. ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. "ஆமாம்மா. ஊரெல்லாம் ஒண்ணும் இல்ல. தொட்டில் தெருவும் இல்ல. எல்லாம் இவ கட்டுன கத" என்றேன்.

அம்மாவின் கையிலிருந்து முடி நழுவியது. அழக்கூடாத பச்சை உடம்பு அழுதது. அத்தை கரண்டியோடு ஓடிவந்தாள். நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். தொட்டில், ஸ்பிரிங், பேர் வைக்காத பையன், ரோட்டி, புதன்கிழமை.

"செத்த புள்ளைய வெச்சி கத கட்டறியா? தாயத் தின்னவளே! இனிமே இந்த வாசப்படி மிதிச்ச, கால ஒடிப்பேன்!"

அவள் எழுந்தாள். ஒரு பக்கம் ரிப்பன் கட்டிய பின்னல், ஒரு பக்கம் விரிந்த முடி. என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

நான்கு நாள் கழித்து நானே முயன்றேன். கட்டிலருகே போய், "அம்மா, முத்து ஒடஞ்சாலும் ஊரு ஒடையல. அந்த ஊர் மக்கள் அனைவரும் வேறு முத்துக்குக் குடிபெயர்ந்தனர்" என்றேன். கட்டுரைப் பாடம் மாதிரிதான் வந்தது. அம்மா என் தலையைத் தடவினாள். "போ, போயி ஹோம்வொர்க் செய்" என்றாள்.

நாற்பது நாள் முடிந்து அத்தை ஊருக்குப் போனாள். அம்மா எழுந்து சோறாக்கினாள், துணி துவைத்தாள். எல்லாரும் குணமாகிவிட்டது என்றார்கள். வார இதழ் வாங்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். என் முடி வளர்ந்தது. ஆனால் பின்னும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அடுத்த வருஷம் லோரி அங்கிள் பிள்ளைகளோடு செந்தூலுக்கே குடிபோனார். சீப்பு எப்போது தொலைந்தது என்று தெரியவில்லை.

நான் பிறகு ஆபீசில் தட்டச்சு வேலைக்குப் போனது உங்களுக்குத் தெரியும். முப்பது வருஷம் அடுத்தவர் வாக்கியங்களைப் பிழையில்லாமல் அடித்தேன். பொருத்தமான வேலைதான்.

அம்மா கடைசி இரண்டு வருஷம் என்னோடு கிள்ளான் பிளாட்டில் இருந்தாள். ஞாபகம் போய்விட்டது. ஒரு நாள் காலை என் கையைப் பிடித்து, "இன்னிக்கு என்ன பேரு?" என்றாள். நான் என் பேரைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பக் கேட்டாள். மறுநாளும் கேட்டாள். மகள் பேரே மறந்துவிட்டது என்று டாக்டரிடம் சொன்னேன். அவரும் எழுதிக்கொண்டார். நான்காம் நாள், காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவள் என் பேரைக் கேட்கவில்லை.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பக்கத்துப் பிளாட் கம்பியில் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. "இன்னிக்கு அவன் பேரு... காலுறை" என்றேன். வாழ்க்கையில் நானாகக் கட்டியதில் கட்டுரைப் பாடம் மாதிரி வராத முதல் பொய்.

அம்மா சிரித்தாள். அதே சிரிப்பு. "வா, கீழ உக்காரு, தலைய காட்டு" என்றாள். அறுபத்தைந்து வயசில், முட்டி வலிக்க வலிக்கத் தரையில் உட்கார்ந்தேன். என் நரைத்த கிராப்புத் தலைக்குள் அவள் விரல் சீப்பாக ஓடியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"லோரிக்காரர் மவதானே நீ? எங்க வூட்டுப் புள்ளைக்கு இப்படி சொல்ல வராது" என்றாள்.

"ஆமா ஆன்டி" என்றேன்.

அதன்பிறகு அம்மா போகும்வரை, தினம் ஒரு பேர், லோரிக்காரர் மகள் பேரில்.

பதினாறாம் நாள் சடங்கைப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் வைத்தோம். பேப்பரில் அம்மாவின் படத்தைப் பார்த்துவிட்டுப் பூச்சோங்கிலிருந்து வந்திருந்தாள் பக்கத்து வீட்டுக்காரி. நான்கு பேரப்பிள்ளைகள், மூக்குக் கண்ணாடி, சாயம் போட்ட முடி. ஒற்றைப் பின்னல். அந்த வயசிலும் தடியான பின்னல். முதலில் என் கண் அதில்தான் போய் நின்றது.

"ஒங்கம்மா எனக்கு தல பின்னி விட்டாங்க லா. எங்கம்மாவுக்கப்புறம் வேற யாருமே பின்னுனதில்ல" என்றாள். கண் கலங்கிவிட்டது. "கடைசி நாளு ஒரு பக்கந்தான் பின்னுனாங்க, ஞாபகம் இருக்கா? நா அத அவுக்கவே இல்ல. நாலு நாளு அப்படியே ஸ்கூலுக்குப் போனேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"என்னமோ கத சொல்லுவியே" என்றேன்.

"கதையா? அதெல்லாம் எனக்கு எங்க ஞாபகம் இருக்கு? வாய்க்கு வந்தத ஒளறுவேன். கத நின்னா சீப்பு நின்னுரும்ல, அதுக்காக. மீனுன்னு ஏதோ வரும். என்னா கத அது? ஒனக்கு ஞாபகம் இருந்தா சொல்லேன்."

எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருந்தது. விக்கல், கதவு, தெருக்கள், சங்கு, பக்கெட். உலகத்தில் அந்த ஊருக்கு வழி தெரிந்த ஒரே ஆள் நான்.

"எனக்கும் மறந்து போச்சி" என்றேன்.

தலையை ஆட்டினாள். செருப்பு மாட்டும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஆன்டிக்கு கடைசில என்னைய ஞாபகம் இருந்துச்சா?"

"கடைசில அவங்களுக்கு யாரையுமே தெரியல" என்றேன்.

அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அவள் காரில் ஏறிப் போய்விட்டாள். இரண்டு வருஷமாகிறது. பின்னல் அவளிடம், கதை என்னிடம். என்னிடமிருந்து ஒன்றும் அவளுக்குப் போகக்கூடாது என்று அறுபத்தேழு வயசிலும் மூடி வைத்துக்கொண்டிருக்கிறேன். கோழைத்தனம் என்று தலைமையாசிரியர் எதற்கோ பேர் வைத்தார். இதற்கு என்ன பேர் வைப்பார்?

உங்களில் இரண்டு பேரிடம் அவள் நம்பர் இருக்கிறது. எனக்குத் தெரியும். நான் அனுப்ப மாட்டேன், எனக்கு மனசு வராது. நீங்கள் யாராவது இதை அவளுக்கு அனுப்பிவிடுங்கள். கதை முழுக்க இதில் இருக்கிறது. அம்மா கடைசியில் யாரைக் கூப்பிட்டாள் என்பதும் இருக்கிறது. என்னைத் திட்டினால் திட்டட்டும்.

ஒன்று மட்டும் அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள். அம்மா போனதிலிருந்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்றைக்கு அவன் பேர் என்ன?